ஒரு நாளைக்குப் பத்து உதை

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பயிருக்கு அடிப்பது. மனிதர் விழுங்குவதற்குக் குளிசை என்று பெயர். ஆகவே மிட்வைஃப் மிஸ் முதல்தடவை வீட்டுக்கு வந்து, "வீட்டில என்ன மருந்து வச்சிருக்கிறியள், எல்லாத்தையும் காட்டுங்கோ" என்றபோது, நான் தயங்காமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஏழு போத்தல்கள். மூன்று வெங்காயத்துக்கு, நான்கு மிளகாய்க்கு. தெளிக்கும் கருவியும் அங்கேதான் இருந்தது. அதையும் இழுத்து வைத்தேன்.

மிஸ் தன் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"இதுக்கு மேலயோ இந்தப் பிள்ளை படுக்கிறவ?" என்று என் மனைவியைக் காட்டிக் கேட்டார்.

"ஓம் மிஸ்."

"எவ்வளவு காலமா?"

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து."

அவர் மடியில் இருந்த பதிவேட்டில் ஏதோ எழுதினார். ஒரு வரி அல்ல, நாலைந்து வரி. என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் குறிஞ்சிப்பிட்டியில் தோட்டம் செய்கிறவன். எங்கள் நிலம் மணல். மணலில் தானாக எதுவும் விளையாது. தண்ணீர், உரம், மருந்து மூன்றையும் கொட்டிக்கொண்டே இருந்தால் எல்லாம் விளையும். மருந்துப் போத்தல் களவு போகும் என்று பயந்துதான் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மனைவியின் நகை அலுமாரியில் இருந்தது. அந்த அலுமாரிக்குப் பூட்டு இல்லை.

மனைவிக்கு அப்போது இரண்டு மாதம். அது அவளுக்கு இரண்டாவது. முதலாவது நான்கு வருடங்களுக்கு முன் ஐந்தாம் மாதத்தில் போனது. காலையில் இடுப்பு வலிக்கிறது என்றாள். பின்னேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு மாதம் தாண்டிய பிள்ளை என்பதால் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுவித்து அடக்கினோம். ஆண் பிள்ளை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கூட வரவில்லை. விரல்களில் நகம் இருந்தது. நகம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர், "சில நேரம் காரணம் கண்டுபிடிக்க ஏலாது" என்றார். ஊருக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. ஊர் பல காரணங்களைக் கண்டுபிடித்தது. அன்னாசி தின்றாள். மக்ரிபுக்குப் பிறகு இருட்டில் கிணற்றடிக்குப் போனாள். கிரகணத்தன்று மீன் வெட்டினாள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து பாலாவிக்குக் கலியாண வீட்டுக்குப் போனாள். எல்லாக் காரணங்களும் அவள் செய்தவையாகவே இருந்தன. மோட்டார் சைக்கிளை ஓட்டியவன் நான். அதை ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மிஸ்தான் முதல்முறையாக என்னைக் கேள்வி கேட்டவர். அவருடைய குடும்பம் யுத்தத்தில் வன்னியிலிருந்து வந்து புத்தளத்தில் தங்கியது. ஸ்கூட்டியில் மணல் பாதையெல்லாம் ஓடுவார். விழுந்ததை நான் இரண்டுமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் எழும்பி, பதிவேட்டில் மண் பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

"மருந்தடிக்கேக்க என்ன உடுப்புப் போடுவியள்?"

"சாரம். ஒரு பழைய சேட்."

"அதை ஆர் தோய்க்கிறது?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி நிலத்தைப் பார்த்தாள்.

"சிகரட் குடிப்பியளோ?"

"கொஞ்சம்."

"ஒரு நாளைக்கு எத்தினை?"

எங்களோடு இருக்கும் மாமி, என் மனைவியின் உம்மா, குசினியில் சமைத்தபடியே பதில் சொன்னார். சரியான எண்ணைச் சொன்னார். அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிஸ் சத்தம் போடவில்லை. முதல் மூன்று மாதத்தில்தான் பிள்ளையின் மூளை, முதுகுத்தண்டு, இருதயம், கை, கால் எல்லாம் உருவாகின்றன என்றார். இப்போது இரண்டு மாதம். பிள்ளை ஒரு மிளகாயைவிடச் சின்னது, ஆனால் இருதயம் அடித்துக்கொண்டிருக்கிறது என்றார். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நச்சுக்கொடி இருக்கிறது; அது சாப்பாட்டைக் கொடுக்கும், ஆனால் அது சுவர் இல்லை, நாங்கள் வேண்டாம் என்று நினைப்பதில் பலதும் அதைத் தாண்டிப் போகும் என்றார். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னார். எனக்கு முப்பத்தாறு வயது.

போகும்போது கேற்றடி வரை நானும் போனேன். அவர் ஸ்கூட்டியின் சாவியைத் திருப்பிய பிறகுதான் கேட்க வாய் வந்தது.

"மிஸ், முந்தின புள்ள... அது என்னாலயா?"

அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"தெரியாது தம்பி. ஆருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல மாட்டன். உங்களால இல்லை எண்டும் சொல்ல ஏலாது, உங்களாலதான் எண்டும் சொல்ல ஏலாது. பிள்ளையிலயே ஏதும் பிழை இருந்திருக்கலாம். அப்பிடித்தான் கனக்க நடக்கிறது."

"அப்ப நான் என்ன செய்ற?"

"தெரிஞ்சதைச் செய்யுங்கோ."

அன்றே போத்தல்களைத் தோட்டத்தின் கோடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். மருந்தடித்த உடுப்பை நானே தனி வாளியில் தோய்த்தேன். தோட்டத்திலேயே குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இதை ஊர் பார்த்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியருகில் வந்து, நான் சாரம் பிழிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் காக்கா, வீட்டுல ஏதும் சண்டையா?" என்று கேட்டார்.

சிகரட்டை விடுவது தோய்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதலில் வீட்டுக்கு வெளியே போய்க் குடித்தேன். உடுப்பிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும் என்று மிஸ் சொன்னார். பிறகு தோட்டத்தில் மட்டும் குடித்தேன். பிறகு ஒரு நாள் கையில் இருந்த சிகரட் பெட்டியைக் கிணற்றுக்குள் போட்டேன். அது தேவையில்லாத வேலை. அடுத்த நாள் வலை போட்டு அதை எடுக்க வேண்டியிருந்தது.

கிணறு என்றதும் அந்தக் கதையும் வருகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு. ஊரில் நல்ல தண்ணீர் என்று பெயர். நான் கூடுதல் கவனமாக அதைக் கொதிக்க வைத்து ஆறவைத்து மனைவிக்குக் கொடுத்தேன். இதை மிஸ்ஸிடம் ஒரு சாதனையாகச் சொன்னேன்.

"கொதிக்க வச்சாக் கிருமி சாகும். உரம் சாகாது" என்றார் அவர். "நீங்கள் போடுற உரம் மணலுக்குள்ளால இறங்கி எங்க போகுது எண்டு நினைச்சியள்?"

நான் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. இறங்குகிறது என்பது தெரியும். இறங்கியபின் அது என் பொறுப்பில் இல்லை என்று எண்ணியிருந்தேன். அதன்பிறகு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து சைக்கிளில் கேன் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தேன். மாமி அந்தத் தண்ணீரில் ருசி இல்லை என்றார். ருசி என்பது என் உரம்தான் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

கிளினிக்கில் ஒரு சின்னப் புத்தகம் தந்தார்கள். மனைவி படிக்கவில்லை, அவளுக்கு வாந்தியே போதுமான வேலையாக இருந்தது. நான் படித்தேன். வாரம் வாரமாகப் படம் போட்டிருந்தார்கள். சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்குவது, கண் இமை மூடிக்கொள்வது, விரல் ரேகை வருவது. நகம் எப்போது வருகிறது என்று தேடிப் பார்த்தேன். ஐந்தாம் மாதத்துக்குள் வந்துவிடுமாம். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை.

காது கேட்கும் என்று படித்த கிழமையில் தண்ணீர் மோட்டாரைக் குசினிச் சுவரிலிருந்து கழற்றிக் கிணற்றின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். இரும்புக் குளிசையைப் பால் இல்லாத பிளேன்டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது என்று படித்த கிழமையில் தேத்தண்ணிக் கோப்பையையும் மனைவியையும் பிரித்து வைத்தேன். குளிசை போட்டபின் இரண்டு மணித்தியாலம் நான் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தேன்.

"வயித்துல புள்ள எனக்கா உங்களுக்கா?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும்."

"அப்ப நீங்க கொஞ்ச நேரம் வாந்தி எடுங்க. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

கிளினிக்கில் ஒரு நாள் மிஸ் என்னையும் கூப்பிட்டு இருத்தி, பிரஷர் பார்க்கும் பட்டியை என் கையில் சுற்றினார். ஊதினார். பார்த்தார். மறுபடி ஊதினார். மனைவியின் பிரஷர் நல்லதாம், என்னுடையது கூடவாம். "நீங்கள் இப்பிடிப் பயந்தா அந்தப் பிள்ளையும் பயப்படும். அது நல்லதில்லை. போய்த் தோட்டத்தைப் பாருங்கோ" என்றார். நீளப் பலகை வாங்கில் வரிசையாக இருந்த பதினைந்து கர்ப்பிணிகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழாம் மாதத்தில் மிஸ் வயிற்றில் நாடா வைத்து அளந்தார். நாடாவைச் சுருட்டிவிட்டு, மறுபடி விரித்து அளந்தார். இரண்டாவது தரம் அளப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. வாரக் கணக்குக்கு வயிறு கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்றார். புத்தளத்தில் ஸ்கேன் எடுத்தோம். பிள்ளை சின்னதுதான், மூளைக்கும் இருதயத்துக்கும் குறையில்லை, நச்சுக்கொடி வழியாகப் போகும் இரத்தம் கொஞ்சம் மந்தம் என்று டொக்டர் சொன்னார். ஏன் என்று கேட்டேன். பல காரணம் இருக்கலாம் என்றார். இந்தமுறை எனக்குக் கோபம் வரவில்லை. தெரியாது என்பதற்கு நான் பழகியிருந்தேன்.

மிஸ் ஒரு அட்டை தந்தார். காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளை அசைவதை எண்ண வேண்டும். பத்து வந்த நேரத்தை அட்டையில் குறிக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குள் பத்து வராவிட்டாலோ, வழமையைவிட அசைவு குறைந்தாலோ உடனே வர வேண்டும். "நாளைக்குப் பாப்பம் எண்டு இருக்கக் கூடாது" என்று இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார்.

மனைவிக்கு எண்ணிக்கை தவறும். ஐந்தா ஆறா என்று குழம்புவாள். ஆகவே திக்ர் செய்யும் தஸ்பீஹ் மாலையை எடுத்து, ஒரு உதைக்கு ஒரு மணி தள்ளினாள். மாமி பார்த்துவிட்டார்.

"அல்லாஹ்ட பேரு சொல்ற மணியில புள்ளட உதைய எண்ணுறதா?"

"ஒவ்வொரு உதைக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லித்தானே உம்மா தள்ளுறன்."

மாமி கொஞ்சம் யோசித்தார். பிறகு பக்கத்தில் வந்து இருந்து அவரும் எண்ணத் தொடங்கினார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவர் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை, என் மனைவி நானா என்று கூப்பிடும் மூத்த அண்ணன். வள்ளத்திலும் நடந்தும் வந்து, புத்தளத்தில் ஓலைக் குடிசையில் பெற்றார். எத்தனை உதை என்று அந்நாளில் யாரும் கேட்கவில்லை என்றார். உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நடந்துகொண்டே வயிற்றைக் கிள்ளுவாராம்.

பெரும்பாலும் பதினொரு மணிக்குள் பத்து வந்துவிடும். ஒன்பதாம் மாதம் தொடங்கிய கிழமையில் ஒரு நாள், பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது தஸ்பீஹில் மூன்று மணிதான் தள்ளியிருந்தாள். நான் தோட்டத்திலிருந்து சாப்பிட வந்திருந்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, வயிற்றைப் பார்த்து, "இண்டைக்கு இவர் நித்திரை போல" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. கை மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"வெளிக்கிடுங்கோ" என்றார். "சாப்பிட்டு முடிக்கிறதோ, குளிக்கிறதோ வேண்டாம். கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுறன்."

பக்கத்துத் தோட்டக்காரரின் வேனில் போனோம். அவர் ஓட்ட, நாங்கள் பின்னால். மாமி முன்னால் இருந்து யாசீன் ஓதிக்கொண்டு வந்தார். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஒரு பக்கம் களப்புத் தண்ணீர், மறுபக்கம் தென்னை. மனைவி தஸ்பீஹை இறுகப் பிடித்திருந்தாள். நான்காவது மணி தள்ளுப்படவில்லை.

"உங்களிட்ட ஒண்டு சொல்லல்ல" என்றாள்.

"என்ன?"

"முந்தின புள்ள போற அண்டைக்கு நான் வெங்காயச் சாக்குத் தூக்கினன். நீங்க பள்ளிக்குப் போயிருந்தீங்க. மழ வரப் பாத்திச்சு. நனைஞ்சிரும் எண்டு உள்ளுக்கு இழுத்துப் போட்டன். நாலு சாக்கு. ஆருக்கும் சொல்லல்ல."

நான்கு வருடம் அவள் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் என் மருந்துப் போத்தல்களை நினைத்தேன்.

"நான் மிஸ்ஸிட்ட கேட்டன், அது என்னாலயா எண்டு" என்றேன்.

"உங்களாலயா? ஏன் உங்களால?"

"மருந்து. சிகரட். மோட்டார் சைக்கிள்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"தெரியாதாம். ஆருக்கும் தெரியாதாம்."

அவள் வெளியே பார்த்தாள். அவள் அழுகிறாள் என்பது தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். முன்னால் மாமியின் ஓதல் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். சாக்கைப் பற்றி அவர் பிறகும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பாலாவி தாண்டியதும் மனைவி நிமிர்ந்தாள். தஸ்பீஹில் ஒரு மணி நகர்ந்தது.

"உதைச்சா?"

"உதைச்சிச்சு. மெல்ல."

வேன்காரர் வேகத்தைக் குறைத்து, "அப்ப திருப்பவா காக்கா?" என்று கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டி கட்டி, பிள்ளையின் இருதயத் துடிப்பை ஒரு இயந்திரத்தில் கடதாசியில் வரைந்தார்கள். துடிப்பு இருந்தது. ஆனால் இருக்க வேண்டிய மாதிரி ஏறி இறங்கவில்லை என்று டொக்டர் சொன்னார். மீண்டும் ஸ்கேன். பிள்ளை மூன்று கிழமைகளாக வளரவேயில்லை. உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது அதற்கு நல்லது என்றார். அன்றைக்கே ஒப்பரேஷன் செய்து எடுப்பது என்று முடிவானது. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று நோர்ஸ் காட்டினார். நான் என் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினேன். அவர் வெட்டிவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிறந்தாள். பெண். இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. உடனே அழுதாளாம். என்றாலும் சூடு போதாது என்று குழந்தைகள் பிரிவில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மூக்கில் குழாய், தலையில் துணித் தொப்பி. நகம் எல்லாம் இருந்தது. விரல் நுனியைத் தாண்டி நீண்டிருந்தது.

ஆறாம் நாள் மனைவியின் கட்டிலுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். பகல் பார்வை நேரம். வாட் முழுக்கச் சனம். பக்கத்துக் கட்டிலில் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண், அவளுடைய தாய், சகோதரிகள். நான் பிள்ளையைக் கையில் வாங்கி, வலக் காதுக்குள் பாங்கு சொல்லத் தொடங்கினேன். மெதுவாகத்தான் சொன்னேன். பாதியில் குரல் வரவில்லை. அடுத்த வரி தெரியும். சின்ன வயதிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தரம் கேட்கும் வரி. பக்கத்துக் கட்டிலில் கதையை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள். பிள்ளை தும்மியது. அதன்பிறகு மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.

"வெரி குட்" என்றார் அந்தச் சிங்களப் பெண்ணின் தாய்.

வீட்டுக்கு வந்த மறுநாளே மிஸ் தராசோடு வந்தார். கூரை வளைக் கம்பில் தராசைக் கொழுவி, துணித் தொட்டிலில் மகளைப் போட்டுத் தூக்கினார். தாய்ப்பால் மட்டும்தான், ஆறு மாதத்துக்குத் தண்ணீர் கூட வேண்டாம் என்றார். மாமி தேன் தொட்டு வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார். சீனித் தண்ணீர்? வேண்டாம். மாமி வேறு எதுவும் கேட்காமல், மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி போடப் போனார்.

முதல் மூன்று மாதமும் மகளின் நிறை அட்டையில் புள்ளிகள் கோட்டுக்குக் கீழேதான் விழுந்தன. நான்காம் மாதம் கோட்டைத் தொட்டது. எட்டாம் மாதத்திலிருந்து கோட்டுக்கு மேலே. இப்போது அவளுக்கு இரண்டரை வயது. இறால் பொரியலும் சோறும் தவிர வேறொன்றும் சாப்பிடமாட்டாள். பிரஷருக்கு நான் தினமும் ஒரு குளிசை போடுகிறேன். மனைவிக்கு மறுபடியும் நான்கு மாதம்; அவள் அதை முதலில் சொன்னது மிஸ்ஸிடம்தான், என்னிடம் இல்லை. ஏன் என்று கேட்டேன். மிஸ் பதறமாட்டார் என்றாள்.